பதிவிறக்கப் போட்டியில் முதலிடம்

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நூலகம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் பாடமாகவே படித்து, பரீட்சையும் எழுதித்தான் வந்திருக்கிறீர்கள். எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது, நல்ல எண்ணத்தோடும் முழு உற்சாகத்தோடும் நான் செய்த ஒரு மடத்தனம். அதில் ஒரு நல்ல பெண்ணைத் திருடி என்று பிறரைச் சொல்ல வைத்துவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

துடியலூர்ப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு ஆய்விதழ்கள் என்று வந்தவை மொத்தம் ஏழு. அதில் இரண்டு, வருவது நின்றுபோன பிறகும் எங்கள் பதிவேட்டில் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஆராய்ச்சி மாணவர் யாருக்காவது ஒரு கட்டுரை வேண்டுமென்றால், பெரிய பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த என் சிநேகிதிக்கு எழுதிக் கெஞ்சுவேன். அவள் அனுப்புவதற்குள் மாணவருக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

அப்படி இருந்த எங்களுக்குத்தான் மத்திய அரசின் அந்தச் சந்தாத் திட்டம் வந்தது. நாடு முழுவதற்குமாகச் சேர்த்து அரசே பதிப்பகங்களோடு பேசி, அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களைத் திறந்துவிட்டது. டெல்லியில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர் படிக்கும் அதே பக்கத்தை, எங்கள் ஊர்ப் பெண் அதே காலையில் படிக்கலாம். வந்த செய்தியைப் படித்துவிட்டு, அன்று சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவைத்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து கூட்டம் அலைமோதும் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. மாதக் கடைசியில் ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை கட்டுரைகளைப் பதிவிறக்கியது என்று அறிக்கை வந்தது. எங்கள் கணக்கு நான்கு. அதில் மூன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க நான் எடுத்தவை. நான்காவது, கை தவறி இரண்டு முறை அழுத்தியது.

எங்கள் முதல்வர் இயற்பியல்காரர். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. முதல்வர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போன இடத்தில் எல்லாக் கல்லூரிகளின் கணக்கையும் உரக்க வாசித்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் நேராக நூலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"ஏனுங்க மேடம், நாலுங்களா?"

"ஆமாங்க சார்."

"இன்னும் கட்டடமே கட்டாத காலேஜு ஒண்ணு இருக்குதுங்க. அவிய நமக்கு மேல இருக்கறாங்க."

அவர் கோபித்திருந்தால் பரவாயில்லை. அப்படி வாடிப்போய் நின்றதைப் பார்த்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு வாரம் யோசித்து, கல்லூரி முழுக்க ஒரு போட்டி அறிவித்தேன். மாதத்தில் அதிகக் கட்டுரைகளைப் பதிவிறக்குபவருக்குப் பரிசும், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பாராட்டும். யார் எத்தனை எடுத்தார் என்று வாராவாரம் அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டுவேன். படிப்பவருக்கு என்று நான் போடவில்லை. பதிவிறக்குபவருக்கு என்று போட்டேன். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லா வினையும் இருந்தது.

இன்னொரு காரியமும் செய்தேன். ஒவ்வொரு முறையும் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து உள்ளே போவது தொல்லை என்று ஆராய்ச்சி மாணவர்கள் முணுமுணுத்தார்கள். ஆராய்ச்சி அறையிலிருந்த கணினி கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லி எங்கள் நூலக உதவியாளர் மருதாசலத்திடம் சொன்னேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், என்னைவிட நிதானமானவர்.

"எல்லாரும் பொழங்கற கம்ப்யூட்டருங்களே மேடம். அப்படியே தொறந்து கெடந்தா பரவால்லீங்களா?" என்று கேட்டார்.

"நம்ம பசங்கதானே மருதாசலம். கம்முனு போடுங்க" என்றேன்.

போட்டார்.

எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இரண்டாவது வாரம் பலகையைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். விலங்கியல் ஆராய்ச்சி மாணவி கோகிலா முதலிடம். இரண்டாவது இடத்தில் இருந்தவர் அவளுக்குக் கிட்டேயே வர முடியாது. வெள்ளகோவில் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண். தென்னையை அழிக்கிற வெள்ளை ஈயையும், அந்த ஈயை அழிக்கிற கடுகளவுகூட இல்லாத ஒரு குளவியையும் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அவள்தான் முதலிடம் என்றதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பாராட்டித் தள்ளினேன். முதல்வர் கைதட்டத் தொடங்க, கல்லூரியே கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் கோகிலா என் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், நான் அத்தனை எடுக்கலீங்க."

"பரவால்ல கண்ணு. இவ்வளவு அடக்கம் ஆகாது."

"இல்லீங்க மேடம், நெசமாத்தான். நான் எடுத்தது முப்பதோ நாப்பதோ இருக்கும்."

அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு நான் போய்விட்டேன். இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். திட்டும்போது "நான் செய்யலீங்க" என்று ஒருவர் சொன்னால் நாம் விசாரிக்கிறோம். பாராட்டும்போது சொன்னால் விசாரிப்பதில்லை. அன்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த புதன்கிழமை காலை. எங்கள் மாணவர்கள் அதிகம் பயன்படுத்திய வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பக்கத்தைத் திறந்தால் கட்டுரை வரவில்லை. ஒரு அறிவிப்புத்தான் வந்தது. விதிகளை மீறி மொத்தமாகப் பதிவிறக்கியதால் எங்கள் கல்லூரிக்கு அணுகல் நிறுத்தப்பட்டது என்று. முதல்வருக்கும் எனக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. கோகிலாவின் கணக்கு. எடுத்த கட்டுரைகளின் பட்டியலும், எடுத்த நேரமும் கூடவே இணைக்கப்பட்டிருந்தன.

பத்து நிமிடத்தில் முதல்வர் அழைத்தார். முகம் சிவந்திருந்தது.

"போன வாரந்தான் நம்ம பேரு கொஞ்சம் நிமிந்துச்சு. அதுக்குள்ள டெல்லி வரைக்கும் மானம் போயிருச்சுங்க! அந்தப் பொண்ணு திருடிங்க, இத்தனையும் எடுத்து வெளிய யாருக்காச்சும் குடுத்திருக்கும்ங்க. சாயங்காலத்துக்குள்ள மெமோ டைப் பண்ணிக் கொண்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் காலேஜுக்குள்ள கால் வெக்கக்கூடாது."

திரும்பி வந்தால் நூலக வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் மெமோ விஷயம் தெரியாது. அவள் வந்த காரணம் வேறு. ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொல்லித் தேர்வாளர்கள் எழுதியிருந்தார்கள். அண்மையில் வந்த பதினோரு கட்டுரைகளோடு தன் முடிவுகளை ஒப்பிட்டு அவள் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பட்டத்தைக் காட்டிச் சேர வேண்டிய வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். அந்தப் பதினொன்றும் நிறுத்தப்பட்ட அதே பதிப்பகத்தில் இருந்தன.

அவளை உள்ளே கூட்டிப் போய் உட்காரவைத்து, வந்த மின்னஞ்சலைக் காட்டினேன். படித்தாள். அழவில்லை. பட்டியலை மட்டும் இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம், இதுல பூச்சியவே காணமே."

அப்போதுதான் நானும் பட்டியலைப் பார்த்தேன். முப்பது வருட நூலகர், மின்னஞ்சல் வந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் இணைப்பைத் திறந்து படிக்கிறேன். இதழ்களின் பெயர்கள் ஆங்கில அகரவரிசைப்படி முதல் எழுத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போயின. கணக்கியல், விமானவியல், மயக்க மருந்து, தொல்லியல். ஒரு இதழை எடுத்தால் முதல் கட்டுரையிலிருந்து கடைசிவரை, ஒன்றுவிடாமல். இரண்டு வாரத்தில் இன்னும் அடுத்த எழுத்துக்கே வரவில்லை. நேரத்தைப் பார்த்தேன். வேலை நாட்களில் மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆரம்பம். இரண்டே காலுக்கு முடிவு. நாளுக்குச் சரியாக நூறு.

ஒன்றரை மணிக்கு நான் சாப்பாட்டு அறையில் இருப்பேன். மருதாசலத்தைக் கூப்பிட்டேன்.

"மத்தியானம் ஆராய்ச்சி ரூம்ல யாருங்க உக்காருவாங்க?"

"அந்நேரத்துக்கு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பிரின்சிபால் ஐயா மட்டுந்தான் வருவாருங்க. நம்ம லைப்ரரில அந்த ரூம்லதானுங்களே ஏசி இருக்குது. அந்தக் கம்ப்யூட்டர்ல கோகிலா பேருதான் எப்பவும் தொறந்தே கெடக்குமுங்க."

அவர் வருவது எனக்குத் தெரியும். மத்தியான வெயிலுக்குக் கொஞ்சம் கண்ணயர்கிறார் என்று நினைத்து, தொந்தரவு செய்யக்கூடாது என்று வேறு உத்தரவு போட்டிருந்தேன்.

கோகிலா என்னைப் பார்த்தாள். மருதாசலம் கூரையைப் பார்த்தார். மெமோ கேட்பவரேதான் எடுத்த ஆள். அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். அவருக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தவளும் நான். போட்டி என்னுடையது, கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொன்னதும் நான். ஒன்றும் சொல்லாமல் கோகிலாவின் பெயரை அடித்துக் கொடுத்துவிட்டால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. கை அந்தப் பக்கம் போகவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு கணம் போனது.

மெமோவை அடித்தேன். பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். அதோடு பட்டியலையும் எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கதவைச் சாத்தினேன். பத்துப் பேர் நடுவில் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பத்துப் பேர் முன்னால் குட்டு வெளிப்பட்டவர் பிறகு உண்மையைப் பார்க்கமாட்டார். தன் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்.

"பேரு விட்டுப்போச்சுங்களே" என்றார் முதல்வர்.

"அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கோணுங்க சார். மத்தியானம் ஏசி ரூம்ல என்னங்க பண்ணுவீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேனுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல பக்கம் எப்பவும் தொறந்தே இருக்குமுங்க. தெனமும் நூறு டவுன்லோடு பண்ணிப்போட்டுத்தான் எந்திரிப்பேன். எனக்குப் பேரு வேண்டாமுங்க, காலேஜுக்கு ஆச்சுன்னா போதும்."

நான் பட்டியலை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். கணக்கியல். விமானவியல். மயக்க மருந்து.

"ஏனுங்க மேடம், இது நான் எடுத்த லிஸ்ட்டாட்டவே இருக்குதுங்களே."

"ஆமாங்க சார்."

அவர் பட்டியலைப் பார்த்தார், மெமோவைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார். என்னால் வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

"பேர நீங்களே எழுதிக்கறீங்களா சார்? பேனா இருக்குதுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே பயம் பிடித்தது. உடனே சொல்லிவிட்டேன். "கூடவே எம் பேரும் எழுதோணுங்க. போட்டி வெச்சது நான். யாரு பேர்ல வேணும்னாலும் நொழையற மாதிரி கம்ப்யூட்டரத் தொறந்து போட்டதும் நான்." பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வது இதைவிட எளிது. அங்கே நடுவில் ஒரு திரையாவது இருக்கும்.

அவர் மெமோவை இரண்டாகக் கிழித்தார்.

"அந்தப் பொண்ணத் திருடின்னு சொல்லிப்போட்டனேங்க" என்றார். கல்லூரியின் மானத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. "இப்ப என்னங்க பண்றது? வைரஸ் வந்துருச்சுன்னு எழுதீரலாமுங்களா?"

"அவிய தெனமும் நூறு வைரஸ் கதை படிக்கறவிய சார். நடந்தத எழுதலாமுங்க."

நடந்ததை எழுதினேன். போட்டி வைத்தது, கணினி திறந்து கிடந்தது, எங்கள் மூத்தவர் ஒருவர் எண்ணிக்கை உயர்ந்தால் கல்லூரிக்கு நல்லது என்று நம்பிக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தது, கணக்குக்குச் சொந்தக்காரிக்கு இதில் பங்கில்லை என்பது, எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே முதல்வரும் நானும் கையெழுத்துப் போட்டோம். பதிப்பகத்துக்கும், திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்கும் அனுப்பினோம்.

பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார முடியாது. கோகிலாவையும் என் பக்கத்தில் உட்காரவைத்து, பதினோரு கட்டுரைகளையும் எழுதியவர்களின் முகவரிகளைத் தேடி ஒவ்வொருவருக்கும் எழுதச் சொன்னேன். தன் கட்டுரையை ஒருத்தி கேட்கிறாள் என்றால் எழுதியவருக்குச் சந்தோஷந்தான். மறுநாள் காலைக்குள் ஆறு வந்துவிட்டன. ஒருவர் கேரளத்திலிருந்து, அச்சில் வராத குளவிப் படங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார். மீதி ஐந்து பாக்கி.

வியாழக்கிழமை மத்தியானம் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண்மணி பதில் எழுதினார். எங்கள் நேர்மைக்கு நன்றி. எடுத்த கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு உறுதி சொன்னால் உடனே திறந்துவிடுவார்களாம். கடைசியில் ஒரு வரி: இவ்வளவு ஒழுங்கான வேகத்தில் மனிதர் ஒருவர் பதிவிறக்க முடியும் என்று எங்கள் கண்காணிப்பு மென்பொருள் எதிர்பார்க்கவில்லை, இயந்திரம் என்றே முடிவு செய்தது. அதை முதல்வரிடம் வாசித்துக் காட்டினேன். வெட்கப்படுவது போலத்தான் இருந்தார். ஆனால் அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

கோப்புகளை அவர்தான் கணினியில் ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தார். அதற்கு 'நேஷனல் டியூட்டி' என்று பெயர் வேறு. "நான் எடுத்தத நானே அழிக்கறேனுங்க" என்று ஆராய்ச்சி அறைக்குள் போனார். மொத்தமாக அழிக்க இரண்டு நிமிடம் போதும். அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே கோகிலா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருதாசலம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"'இருங்க வாரேன்'ங்கறாருங்க. என்னமோ படிச்சிட்டிருக்கறாரு."

நான் உள்ளே போனேன். அவர் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒலியியல் இதழ் ஒன்றில் நின்றுவிட்டார். தண்ணீர் இறைக்கும் பம்பு மோட்டார் ஏன் அந்தக் குறிப்பிட்ட இரைச்சலைப் போடுகிறது என்று ஒரு கட்டுரை. இளம் வயதில் அவர் ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்து, பாதியில் விட்ட விஷயம் அது.

"ரெண்டு பக்கந்தானுங்க இருக்குது மேடம்" என்றார், தலையைத் தூக்காமல்.

என் வேலைக்காலம் முழுவதும் படிக்கிறவர் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை. வெளியே ஒருத்திக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

"அழிச்சிருங்க சார். தொறந்ததும் உங்க பேர்லயே எடுத்துக் குடுக்கறேன். மொதல்ல அந்தப் பொண்ணு."

ஒரு பெருமூச்சு விட்டு அழித்தார். நான் உறுதிமொழியை அனுப்பினேன். நான்கு மணிக்குள் பக்கம் திறந்துவிட்டது. கோகிலா மீதி ஐந்தையும் எடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகம் மூடுவதற்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். இன்று அவள் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அதே குளவிகளை வளர்த்துத் தோப்புக்காரர்களுக்குக் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள்.

திங்கள்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் மறுபடி மைக்கைப் பிடித்தேன். போட்டி ரத்து என்றும், கோகிலாவின் கணக்கில் ஏறிய எண்ணிக்கை அவளுடையது அல்ல என்றும், அவள் சொன்னபோது கேட்காதது என் தவறு என்றும் சொன்னேன். முதல்வர் எழுந்து, நான் கேட்காமலே, "எடுத்தது நானுங்க" என்றார். பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோகிலா மட்டும் வெளியே வரும்போது என் காதருகே சொன்னாள்: "மேடம், இனிமே என்னப் பாராட்டறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டுருங்க."

முதல்வர் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கினார். விண்ணப்பத்தில் ஆய்வுத் தலைப்பு என்று கேட்டிருந்த இடத்தில் நெடுநேரம் யோசித்து, மோட்டார் இரைச்சல் என்று எழுதினார். அந்த மாதம் முழுவதும் அவர் எடுத்தது ஆறு கட்டுரைகள். ஆறிலும் பென்சில் குறிப்பு எழுதி, ஒன்றில் தப்புக் கண்டுபிடித்து, அதை எழுதியவருக்கே கடிதம் போட்டார்.

எங்கள் எண்ணிக்கை தலைகீழாக விழுந்தது. அடுத்த முதல்வர்கள் கூட்டத்தில் மேடையில் இருந்த அதிகாரி அதை உரக்க வாசித்துவிட்டு, போன மாதம் அவ்வளவு இருந்ததே, இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டாராம். எங்கள் முதல்வர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்:

"இப்பத்தானுங்க படிக்க ஆரம்பிச்சிருக்கறோம்."